உங்க மார்க்கைப் போடுற பேராசிரியரின் கட்டுரையை நீங்க நிராகரிப்பீங்களா? மாணவர் ஆய்விதழ்களும் 'நலன் முரண்' சிக்கலும்

நீங்க ஒரு சட்டக் கல்லூரி மாணவர்னு வெச்சுக்கோங்க. கல்லூரியில் மாணவர்களே நடத்தும் ஆய்விதழின் குழுவில் இருக்கீங்க. இந்த இதழில் ஒரே ஒரு கட்டுரைக்குத்தான் இடம் பாக்கி. கைவசம் இரண்டு கட்டுரைகள் இருக்கின்றன.

ஒன்று, வேறு ஊரில் இருந்து முகம் தெரியாத ஒருவர் அனுப்பியது. நல்லா இருக்கு. இன்னொன்று, அடுத்த வாரம் உங்க இன்டர்னல் மார்க்கைப் போடப்போகும் பேராசிரியர் எழுதியது. சுமார்தான்.

எதைத் தேர்ந்தெடுப்பீங்க?

"நல்லா இருக்கிறதைத்தான்" என்று சொல்வது சுலபம். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது அவ்வளவு சுலபமில்லை. இந்தச் சிக்கலுக்குப் பெயர்தான் 'நலன் முரண்'. மாணவர்கள் நடத்தும் ஆய்விதழ்களில் இது எப்படி வருகிறது, எப்படிக் கையாளலாம் என்று பார்க்கலாம்.

நலன் முரண் என்றால் என்ன?

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். பிசிசிஐ தலைவராக இருந்த என்.சீனிவாசன், சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை வைத்திருந்த நிறுவனத்தையும் நடத்தினார். போட்டியை நடத்தும் அமைப்பின் தலைவரே, போட்டியில் ஆடும் ஓர் அணியின் பக்கமும் இருக்கலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. நிர்வாகிகள் ஐபிஎல் அணிகளில் வணிக ஆர்வம் வைத்துக்கொள்ள வழிவிட்ட பிசிசிஐ விதித் திருத்தத்தை 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அப்போது தமிழ்ச் செய்திகளில் அடிக்கடி வந்த சொல் 'இரட்டை ஆதாயம்'.

ஒருவர் முடிவெடுக்கும் பொறுப்பில் இருக்கிறார். அதே நேரத்தில், அந்த முடிவால் அவருக்கோ அவருக்கு வேண்டியவருக்கோ லாபமோ நஷ்டமோ வரலாம். இதுதான் நலன் முரண்.

இங்கே ஒன்றை முக்கியமாக கவனிக்கணும். நலன் முரண் இருக்கிறது என்றால் அவர் தப்பு செய்துவிட்டார் என்று அர்த்தம் இல்லை. அது ஒரு நிலைமை. அதை மறைத்து முடிவெடுக்கும்போதுதான் அது தவறாக மாறுகிறது.

மாணவர்களே ஆய்விதழ் நடத்துவார்களா?

நடத்துகிறார்கள், பெரிய அளவில். வழக்கமான ஆய்விதழ்களில் பேராசிரியர்களும் ஆய்வாளர்களும் கட்டுரைகளைத் தேர்வு செய்வார்கள். ஆனால் அமெரிக்காவின் பிரபல சட்ட ஆய்விதழ்கள் பலவற்றில் அந்த வேலையைச் செய்வது சட்ட மாணவர்கள். எந்தக் கட்டுரை வரவேண்டும், எதைத் திருப்பி அனுப்ப வேண்டும், எந்த அடிக்குறிப்பைச் சரிபார்க்க வேண்டும் என எல்லாமே அவர்கள் கையில்தான்.

ஹார்வர்டு லா ரிவ்யூ 1887-ல் தொடங்கியது. 1990-ல் அதன் தலைவராகத் தேர்வான முதல் கறுப்பின மாணவர் பராக் ஒபாமா. அந்தப் பொறுப்புக்கு அவ்வளவு மதிப்பு. இந்தியாவிலும் பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியின் நேஷனல் லா ஸ்கூல் ஆஃப் இந்தியா ரிவ்யூ, கொல்கத்தாவின் என்யுஜேஎஸ் லா ரிவ்யூ போன்றவை மாணவர்கள் நடத்தும் ஆய்விதழ்கள்.

'பசங்க பத்திரிகைதானே' என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1890-ல் ஹார்வர்டு லா ரிவ்யூவில் சாமுவேல் வாரன், லூயி பிராண்டைஸ் ஆகிய இருவரும் எழுதிய கட்டுரை, தனியுரிமை என்ற சட்டக் கருத்துக்கே அடித்தளம் போட்டதாகக் கருதப்படுகிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்ன புட்டசாமி தீர்ப்பிலும் அந்தக் கட்டுரை பேசப்படுகிறது. நம்ம ஆதார் விவாதத்தோடு தொடர்புள்ள தீர்ப்பு அது.

இதில் சுவாரஸ்யம் என்னன்னா, அந்த இதழ் தொடங்குவதற்கே பெரிய ஆதரவாக இருந்த முன்னாள் மாணவர்களில் ஒருவர் இதே பிராண்டைஸ். இன்றைய கண்ணோட்டத்தில் பார்த்தால் இதுவே ஒரு நலன் முரண்தான். ஆனால் கட்டுரை நூறாண்டு தாண்டி நிற்கிறது. அதாவது, தொடர்பு இருப்பவரின் கட்டுரை மோசமாகத்தான் இருக்கும் என்றில்லை. தொடர்பு என்ன என்பது தெரியணும், தேர்வு அதைத் தாண்டி நடக்கணும். அவ்வளவுதான்.

மாணவர் இதழில் மட்டும் என்ன தனிச் சிக்கல்?

தமிழில் பாடம் நடத்துபவரும் ஆசிரியர், நூலை எழுதியவரும் ஆசிரியர், பத்திரிகையைப் பொறுப்பேற்று நடத்துபவரும் ஆசிரியர். மாணவர் ஆய்விதழில் இந்த மூன்று பேரும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். சில நேரம் ஒருவரே இரண்டு ஆசிரியராகவும் இருக்கிறார். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. (குழப்பம் வராமல் இருக்க, இதழை நடத்தும் மாணவர்களை இனி 'எடிட்டர்' என்றே சொல்லலாம்.)

1. பேராசிரியரின் கட்டுரை: மதிப்பெண், பரிந்துரைக் கடிதம், ஆராய்ச்சி வழிகாட்டி எல்லாம் அவர் கையில். அவர் கட்டுரையின் தலைவிதி மாணவர் கையில். வழக்கமான ஆய்விதழில் இப்படித் தலைகீழான அதிகார உறவு அரிது.

2. எடிட்டரின் சொந்தக் கட்டுரை: பல இதழ்களில் எடிட்டர்களும் எழுதுவார்கள். போட்டியாளரும் அவரே, நடுவர் குழுவும் அவரே.

3. நட்பு, காதல், பகை: ஒரே ஹாஸ்டல், ஒரே வகுப்பு. ரூம்மேட்டின் கட்டுரையை நிராகரித்துவிட்டு ராத்திரி அதே அறையில் தூங்கணும்.

4. வேலை வாய்ப்பு: இன்டர்ன்ஷிப் போகவிருக்கும் நிறுவனத்தின் வழக்கறிஞர் கட்டுரை அனுப்பலாம். அல்லது அந்த நிறுவனமே இதழுக்கு ஸ்பான்சராக இருக்கலாம்.

5. நிர்வாகம்: சர்வர் செலவு, அச்சுச் செலவு, அறை எல்லாம் கல்லூரி கொடுப்பது. கல்லூரியை விமர்சிக்கும் கட்டுரை வந்தால் என்ன ஆகும்?

கல்லூரி ஆண்டு மலர் குழுவில் இருந்தவர்களுக்கு இந்தப் பட்டியல் புதுசாக இருக்காது. முதல்வரின் வாழ்த்துரையில் பிழை இருந்தால் திருத்தலாமா கூடாதா என்று அரை நாள் பேசிய அனுபவம் பலருக்கும் இருக்கும்.

உண்மையிலேயே பாரபட்சம் நடக்கிறதா?

டொரண்டோ பல்கலைக்கழக சட்டப் பேராசிரியர் ஆல்பர்ட் யூன், அமெரிக்க சட்ட ஆய்விதழ்களை வைத்து 2013-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். இதழ்கள் தங்கள் சொந்தக் கல்லூரிப் பேராசிரியர்களின் கட்டுரைகளைக் கூடுதலாக வெளியிடுகின்றன என்பது அதில் தெரியவந்தது. அப்படி வெளியான 'வீட்டுக் கட்டுரைகள்', வெளியில் இருந்து வந்த கட்டுரைகளைவிடக் குறைவாகவே மற்ற ஆய்வாளர்களால் மேற்கோள் காட்டப்பட்டன.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். சொந்தக் கல்லூரிக் கட்டுரைகள் நிறைய வருவது மட்டும் என்றால், 'அங்கே நல்ல பேராசிரியர்கள் இருக்கிறார்கள்' என்று சொல்லிவிடலாம். அவை குறைவாக மேற்கோள் காட்டப்படுகின்றன என்னும்போது, உள்ளூர்க்காரருக்கு வாசல் கொஞ்சம் அகலமாகத் திறக்கிறதோ என்ற சந்தேகம் வலுக்கிறது.

இதில் மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. அங்கே ஒரு கட்டுரையை ஒரே நேரத்தில் பல இதழ்களுக்கு அனுப்பலாம். ஓர் இதழ் ஏற்றுக்கொண்டால், அதைக் காட்டி அதைவிடப் பெரிய இதழிடம் 'சீக்கிரம் முடிவு சொல்லுங்க' என்று கேட்கும் வழக்கமும் உண்டு. கட்டுரைகள் குவியும்போது, நேரம் இல்லாத மாணவர் தெரிந்த பெயரையும் பெரிய கல்லூரியின் பெயரையும் பார்த்து முடிவெடுப்பது நடக்கத்தான் செய்யும்.

மேற்பார்வைக் குழுவே இதழை முடக்கினால்?

நலன் முரண் மாணவர்கள் பக்கம் மட்டும் இருப்பதில்லை. 2024 ஜூனில் கொலம்பியா லா ரிவ்யூவில் நடந்தது இதற்கு உதாரணம்.

பாலஸ்தீன மனித உரிமை வழக்கறிஞர் ரபீயா எக்பாரியா எழுதிய, 'நக்பா'வை ஒரு சட்டக் கருத்தாக முன்வைக்கும் நீண்ட கட்டுரையை மாணவர் எடிட்டர்கள் இணையத்தில் வெளியிட்டனர். அதே நாளில், பேராசிரியர்களும் முன்னாள் மாணவர்களும் அடங்கிய இயக்குநர் குழு இதழின் இணையதளத்தையே முடக்கியது. வழக்கமான நடைமுறை பின்பற்றப்படவில்லை, எல்லா எடிட்டர்களுக்கும் கட்டுரை முன்கூட்டியே காட்டப்படவில்லை என்பது இயக்குநர்கள் சொன்ன காரணம். கசிந்துவிடும் என்ற அச்சத்தால்தான் சிலருக்குள் வைத்துக்கொண்டோம் என்றனர் மாணவர்கள். கடும் எதிர்ப்புக்குப் பிறகு, சில நாட்களில் இணையதளம் திரும்ப வந்தது.

அதற்கு முன், 2023 நவம்பரில் இதே எழுத்தாளரின் வேறொரு கட்டுரையை வெளியிட வேண்டாம் என்று ஹார்வர்டு லா ரிவ்யூ எடிட்டர்கள் வாக்கெடுப்பு நடத்தி முடிவு செய்திருந்தனர். எடிட்டர்களின் பெயர்கள் பொதுவெளியில் இழுக்கப்பட்டு மிரட்டப்படலாம் என்ற அச்சமும் அந்த விவாதத்தில் இருந்ததாக அப்போது செய்திகள் வந்தன.

அந்தக் கட்டுரைகளின் கருத்தை ஏற்பதும் மறுப்பதும் வேறு விவாதம். இங்கே பார்க்க வேண்டியது இரண்டு விஷயங்கள். ஒன்று, 'நலன்' என்றால் பணமும் நட்பும் மட்டுமில்லை, பயமும் ஒரு நலன்தான். இரண்டு, பிரச்னை வெடிக்கும்போது 'நடைமுறை என்ன?' என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. அது எழுத்தில் தெளிவாக இருந்தால் இரண்டு தரப்புக்கும் பாதுகாப்பு.

'என் கட்டுரை வரும்போது வெளியே போயிட்டேன்' - இது போதுமா?

பல இதழ்களில் நடப்பது இதுதான். தன் கட்டுரை விவாதிக்கப்படும்போது அந்த எடிட்டர் மட்டும் அறையை விட்டு வெளியே போவார். மற்ற கட்டுரைகளுக்குத் திரும்ப வந்து உட்காருவார். 'நான்தான் விலகிட்டேனே' என்பார்.

இது போதாது என்பதற்கு இந்திய உச்ச நீதிமன்றத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. 1969-ல் வந்த ஏ.கே.கிரைபாக் வழக்கு அது. ஜம்மு காஷ்மீரில் இந்திய வனப் பணிக்கு அதிகாரிகளைத் தேர்வு செய்ய ஒரு குழு அமைக்கப்பட்டது. குழுவில் இருந்த ஓர் உயரதிகாரி, அதே பணிக்கு விண்ணப்பித்தவர்களில் ஒருவர். தன் பெயர் வந்தபோது அவர் ஒதுங்கிக்கொண்டார். ஆனால் போட்டியாளர்களின் பெயர்கள் வந்தபோது உட்கார்ந்திருந்தார். தரவரிசை தயாரித்தபோதும் இருந்தார். கடைசியில் பட்டியலில் முதல் பெயர் அவருடையது.

உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வையே ரத்து செய்தது. அவர் மனதுக்குள் பாரபட்சம் இருந்ததா என்று நிரூபிப்பது கஷ்டம். பாரபட்சம் இருந்திருக்கலாம் என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறதா என்பதே கேள்வி என்று நீதிமன்றம் பார்த்தது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்ற பழைய இயற்கை நீதிக் கொள்கைதான் இதற்கு அடிப்படை.

இதை நம்ம ஆய்விதழுக்குப் பொருத்திப் பாருங்க. ஐந்து கட்டுரைக்குத்தான் இடம் என்றால், மற்ற ஒவ்வொரு கட்டுரையும் உங்க கட்டுரைக்குப் போட்டி. அவற்றை நீங்க மதிப்பிட்டால், உங்க கட்டுரையைத் தொடாமலேயே அதற்கு வழி விட்டுக்கொடுத்த மாதிரிதான். அதனால் எடிட்டர் கட்டுரை அனுப்பினால், அந்த இதழுக்கான தேர்வு முழுவதிலும் இருந்து விலகுவதே சரி. அடுத்த இதழுக்குத் திரும்ப வரலாம்.

எப்படிக் கையாளலாம்? 7 வழிகள்

ஆய்விதழ் நெறிமுறைகளுக்காக 1997-ல் பிரிட்டனில் எடிட்டர்கள் சேர்ந்து தொடங்கிய 'கோப்' என்ற அமைப்பு உலக அளவில் வழிகாட்டுகிறது. நலன் முரண்களை எப்படி வெளிப்படுத்துவது, கையாள்வது என்று இதழ்கள் வரையறுத்து வைத்திருக்க வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. பெரிய பதிப்பகங்கள் அளவுக்கு ஆளும் பணமும் இல்லாத மாணவர் குழுவும் இவற்றைச் செய்ய முடியும்:

1. முதலிலேயே சொல்லுங்க: கட்டுரைகளைப் பிரித்துக் கொடுக்கும் முன்பே ஒரு சின்னப் படிவம். இந்த ஆண்டு உங்களுக்குப் பாடம் எடுப்பவர், உங்க வழிகாட்டி, பரிந்துரைக் கடிதம் கேட்கப் போகிறவர், நெருங்கிய நண்பர், உறவினர், சேர்ந்து எழுதியவர் யார் யார் என்று ஒவ்வொரு எடிட்டரும் எழுதித் தரணும். விவரம் வேண்டாம். 'இவர் கட்டுரை வந்தால் எனக்குத் தராதீங்க' என்பது போதும். காதலையோ பகையையோ விளக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள்.

2. பெயரை மறைங்க: கட்டுரையாளர் பெயர், கல்லூரி, நன்றிக் குறிப்பு எல்லாவற்றையும் நீக்கி எண் போட்டுக் கொடுக்கணும். கோப்பின் உள்விவரங்களிலும் பெயர் ஒளிந்திருக்கும், அதையும் அழிக்கணும். தேர்வில் பங்கேற்காத ஒருவர் இந்த வேலையைச் செய்வது நல்லது. ஆனால் ஒரு துறையில் பத்தே பேர் என்றால் தலைப்பைப் பார்த்தே 'இது சார் எழுதினது' என்று தெரிந்துவிடும். அப்போது அடுத்த வழிதான் கைகொடுக்கும்.

3. முழுசா விலகுங்க: விலகுவது என்றால் வாக்குப் போடாமல் இருப்பது மட்டும் இல்லை. விவாதத்தில் இருக்கக் கூடாது, மற்றவர்கள் எழுதிய மதிப்பீட்டைப் பார்க்கக் கூடாது, வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பேச்சு நடந்தால் அதிலும் இருக்கக் கூடாது. தனிக் குழு தொடங்கிவிடுவது சுலபம்.

4. வெளியாளைக் கூப்பிடுங்க: சொந்தக் கல்லூரிப் பேராசிரியரின் கட்டுரை என்றால் குழுவில் எல்லாருக்குமே முரண் இருக்கலாம். அப்போது வேறு கல்லூரியைச் சேர்ந்த ஒருவரின் மதிப்பீட்டைக் கேட்டு வாங்கணும். இரண்டு கல்லூரி இதழ்கள் 'உங்க வீட்டுக் கட்டுரையை நாங்க பார்க்கிறோம், எங்களுடையதை நீங்க பாருங்க' என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம்.

5. எழுதி வைங்க: யார் படித்தார், யார் விலகினார், ஏன் ஏற்றோம், ஏன் மறுத்தோம் என்று கட்டுரைக்கு நாலு வரி போதும். மாணவர் குழு ஆண்டுதோறும் மாறும். சீனியர் பட்டம் வாங்கிப் போன பிறகு வரும் புகாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஜூனியர். அவர் கையில் இந்தக் குறிப்பு மட்டும்தான் இருக்கும்.

6. வாசகரிடம் சொல்லுங்க: எடிட்டரின் கட்டுரையோ, சொந்தக் கல்லூரிப் பேராசிரியரின் கட்டுரையோ வெளியானால், 'கட்டுரையாளர் இந்த இதழின் எடிட்டர். தேர்வில் அவர் பங்கேற்கவில்லை' என்று கட்டுரையின் கீழேயே ஒரு வரி போடணும்.

7. ஆலோசகரின் எல்லையை வரையறுங்க: இதழுக்குப் பொறுப்பான பேராசிரியர் எதில் கருத்து சொல்லலாம், எதில் கடைசி முடிவு மாணவர்களுடையது என்று முதலிலேயே எழுத்தில் இருக்கணும். கட்டுரை வெளியான பிறகு எந்தச் சூழலில், யார், எப்படி நீக்கலாம் என்பதும் அதில் வரணும்.

'எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், அப்புறம் யார்தான் படிப்பாங்க?'

நியாயமான கேள்வி. முகம் தெரிந்தாலே விலகணும் என்றால் ஒரு கட்டுரையும் நகராது. ஒரே வகுப்பு, ஒரே கேன்டீன் என்பதெல்லாம் நலன் முரண் ஆகாது.

ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. இந்தக் கட்டுரை வந்தாலோ வராவிட்டாலோ உங்க வாழ்க்கையில் ஏதாவது மாறுமா? உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவு நிராகரிக்கப்பட்டவருக்கு நாளைக்குத் தெரிந்தால், 'அதான் என்னோடது வரலையா' என்று நினைப்பாரா? இரண்டில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் சொல்லிவிடுவதே நல்லது. விலகணுமா வேண்டாமா என்பதைக் குழு முடிவு செய்யட்டும். அந்த முடிவை நீங்களே எடுக்காமல் இருப்பதுதான் முக்கியம்.

வெளியான பிறகு தெரிந்தால்?

முதல் வேலை, மறைக்காமல் இருப்பது. தொடர்பில்லாத இரண்டு பேர் அந்தக் கட்டுரையின் கோப்பை எடுத்துப் பார்க்கணும். மதிப்பீடு ஒழுங்காக நடந்திருந்தால், தொடர்பைச் சொல்லும் ஒரு குறிப்பைச் சேர்த்தால் போதும். மதிப்பீடே நடக்கவில்லை அல்லது போலியாக நடந்தது என்றால், கட்டுரையைத் திரும்பப் பெறுவது வரை யோசிக்கணும். சத்தம் போடாமல் இணையதளத்தில் இருந்து தூக்கிவிடுவது மட்டும் கூடாது. அது இன்னொரு சந்தேகத்தைக் கிளப்பும்.

நமக்கு ஏன் இது இப்போ முக்கியம்?

பிஎச்டி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசியின் 2022 விதிமுறைகள் கைவிட்டன. ஆனாலும் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் கட்டுரைகளுக்கு இருக்கும் மதிப்பு குறையவில்லை. தரமான இதழ்களை அடையாளம் காட்ட யுஜிசி வைத்திருந்த 'கேர்' பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இதழின் தரத்தை மதிப்பிட கல்வி நிறுவனங்களே வழிமுறை வகுத்துக்கொள்ளலாம் என்றது யுஜிசி.

அதாவது, 'இந்த இதழை நம்பலாமா?' என்ற கேள்விக்கு இனி ஒவ்வொரு கல்லூரியும் பதில் தேடணும். அந்த நேரத்தில் ஒரு மாணவர் இதழ், 'எங்க விதி இது, யார் விலகினார்கள் என்ற பதிவு இது' என்று எடுத்துக் காட்ட முடிந்தால் அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

நஷ்டப்படுபவர் யார் என்பதையும் யோசிக்கணும். பேராசிரியரின் சுமாரான கட்டுரை வெளியானால் அவருக்குப் பட்டியலில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். திருப்பி அனுப்பப்பட்டவர், யாரையும் தெரியாத ஊரில் இருந்து முதல் கட்டுரையை அனுப்பிய முதல் தலைமுறை பட்டதாரியாக இருக்கலாம். அவருக்கு வரும் மெயிலில் 'இடமின்மையால் ஏற்க இயலவில்லை' என்றுதான் இருக்கும். உண்மைக் காரணம் அவருக்குத் தெரியவே போவதில்லை.

அப்போ அந்த முதல் கேள்விக்கு என்ன பதில்?

பேராசிரியரின் கட்டுரையைத் துணிச்சலாக நிராகரிக்கணும் என்பது பதில் இல்லை. மதிப்பெண்ணைப் பணயம் வைக்கச் சொல்லி ஒரு மாணவரிடம் யாரும் கேட்க முடியாது. அந்த முடிவை எடுக்கும் இடத்தில் அவரை உட்கார வைக்காமல் இருப்பதுதான் நல்ல விதியின் வேலை.

அவர் செய்ய வேண்டியது, குழுவுக்கு இரண்டு வரி மெயில்: "இந்தக் கட்டுரையை எழுதியவர் இந்த செமஸ்டரில் எனக்குப் பாடம் எடுக்கிறார். இதையும் இதோடு போட்டியிடும் கட்டுரையையும் வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்." காரணம் கேட்காமல் அதை ஏற்றுக்கொள்ள வேண்டியது குழுவின் வேலை.